குப்பையில் விழுந்த மடல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டின் சிகாகோ மாநகரில், பேராசிரியர் ஒருவர் ஏழை மக்களின் குடியிருப்புகளுக்குப் பின்னாலிருந்த சந்து ஒன்றின் வழியே நடந்து சென்றுகொண்டிருந்தாராம். மாடிச் சன்னலொன்றிலிருந்து யாரோ குப்பையைக் கீழே வீசினர். அது தம்மேல் விழாதபடி அவர் ஒதுங்கி நின்றார். காலடியில் சிதறிய குப்பைக்கு நடுவே, கையெழுத்து நிறைந்த தாள்கள் சில கிடந்தன. குனிந்து எடுத்துப் பார்த்தார். மருத்துவமனையில் பயிற்சி பெற்றுவந்த போலந்து இளம்பெண் ஒருத்தி தன் தந்தைக்கு எழுதிய நீண்ட மடல் அது. குடும்பத்துப் பூசல்களைப் பற்றி அவள் மனம் திறந்து எழுதியிருந்தாள். அதைப் படித்த பேராசிரியருக்கு, தாம் அதுவரை நூலகத்தில் தேடிக் காணாத ஒன்று தெருவில் கிடைத்ததாகத் தோன்றிற்று.

அப்பேராசிரியரின் பெயர் வில்லியம் ஐசக் தாமஸ். இக்கதை முற்றிலும் இவ்வாறே நடந்ததா, அல்லது மாணவர் வாய்வழியே மெருகேறியதா என்று ஐயுறுவோர் உண்டு. அது எவ்வாறாயினும், புலம்பெயர்ந்தோரைப் பற்றிய பல்கலைக்கழக ஆய்வின் வரலாறு பெரும்பாலும் அந்த மடலிலிருந்தே தொடங்குகிறது. புலம்பெயர்ந்தவரை எண்ணிக்கையாகவும் இனமாகவும் தொல்லையாகவும் மட்டுமே கண்டு பழகிய ஒரு நாட்டில், அவர்கள் தம் வீட்டாருக்கு எழுதியதைப் படித்துப் பார்க்கலாம் என்று ஒருவர் எண்ணியது சிறிய செய்தியன்று.

நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், கடற்கரைப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாகப் பணியாற்றினேன். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற ஆண்களிடமிருந்து வாரந்தோறும் கடிதங்கள் வரும். எழுத்தறியாத தாய்மார் சிலர் அவற்றை அறைவீட்டுக்குக் கொண்டுவந்து, "சாமி, கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்று நீட்டுவார்கள். தாளின் தலைப்பில் 'சேசு மரி சூசை' என்றிருக்கும். பிறகு பாதிப் பக்கத்துக்கு நல விசாரிப்பு: பாட்டி நலமா, மாமா நலமா, அக்காள் பிள்ளைகள் நலமா, பக்கத்து வீட்டுக்காரர் நலமா என்று ஒருவர் விடாமல் கேட்கப்பட்டிருக்கும். செய்தி என்று சொல்லத்தக்கது கடைசி நான்கு வரிகளில்தான் இருக்கும். இளமை வேகத்தில் நான் அந்த நல விசாரிப்பைத் தாண்டிச் செய்திக்கு ஓடியதுண்டு. தாய்மார் விடமாட்டார்கள். "யார் யாரைக் கேட்டிருக்கான்னு படிங்க சாமி" என்பார்கள். அவர்கள் கேட்டதன் பொருள், பல ஆண்டுகளுக்குப் பிறகு தாமஸின் நூலைப் படித்தபோதே எனக்கு விளங்கிற்று. அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் அந்தப் பெண் எந்த மக்களைச் சார்ந்தவள் என்பதைச் சொல்லவேண்டும். 1795 முதல் 1918 வரை போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இல்லை. உருசியா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் மூன்று பேரரசுகளும் அதைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. நாடில்லாத அம்மக்களுக்கு மொழியும் கத்தோலிக்க மறையுமே நாடாக விளங்கின. உழவர்கள் பண்ணையடிமை நிலையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் படிப்படியாக விடுதலை பெற்றனர். உருசியப் பகுதியில் இது நிறைவேறியது 1864-ஆம் ஆண்டில்தான். கையில் கிடைத்த நிலம் மகன்களுக்கும் பேரன்களுக்குமாகத் துண்டு துண்டாகியது. ஒரு துண்டு நிலத்தைக் கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. எனவே அறுவடைக் காலத்தில் ஜெர்மனிக்குக் கூலிவேலைக்குச் சென்றார்கள். பின்னர் கப்பலேறி அமெரிக்காவுக்கே சென்றார்கள். 'அப்பத்துக்காகப் போகிறோம்' என்பதே அப்பயணத்துக்கு அவர்கள் வழங்கிய பெயர். முதல் உலகப் போருக்கு முந்திய நாற்பது ஆண்டுகளில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட போலந்து மக்கள் இவ்வாறு சென்றனர். அவர்களில் பெருந்தொகையினர் சிகாகோவின் மாட்டிறைச்சிக் கூடங்களிலும் எஃகு ஆலைகளிலும் அடைக்கலம் புகுந்தனர்.

1900-ஆம் ஆண்டில் சிகாகோவின் மக்கள்தொகை ஏறத்தாழ 17 இலட்சம். அவர்களுள் முக்கால் பங்கினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், அல்லது அவ்வாறு பிறந்தவர்களின் பிள்ளைகள். இத்தகைய ஊரில் 1892-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய பல்கலைக்கழகம், சமூகவியலுக்கெனத் தனித்துறை ஒன்றை நிறுவிற்று. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு முன்பே ஆய்வைத் தொடங்கியவர்கள் பெண்கள் என்பது நினைவுகூரத்தக்கது. ஜேன் ஆடம்ஸ் என்னும் அம்மையார், தம் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் 1889-இல் ஹால்ஸ்டெட் தெருவில் 'ஹல் ஹவுஸ்' என்னும் இல்லத்தைத் தொடங்கி, புலம்பெயர்ந்தோர் நடுவிலேயே குடியேறினார். அவ்வில்லத்துப் பெண்கள் வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு குடும்பத்தின் நாட்டையும் வாரக் கூலியையும் வண்ணமிட்டுக் காட்டிய வரைபடங்களை 1895-இல் நூலாக வெளியிட்டனர். அந்த இல்லம் இருந்த கட்டடம் ஹெலன் கல்வர் என்னும் செல்வச் சீமாட்டிக்கு உரியது. அதே ஹெலன் கல்வர்தான் 1908-இல், புலம்பெயர்ந்த மக்களை ஆராய்வதற்கென 50,000 டாலரைத் தாமஸிடம் ஒப்படைத்தார். இல்லமும் ஆய்வும் ஒரே கையிலிருந்து வந்த கொடை என்பதை நூலாசிரியர் பலர் போகிற போக்கில் சொல்லிச் செல்கின்றனர். எனக்கோ அது முக்கியமாகப் படுகிறது.

தாமஸ் போலந்து மொழி கற்றார். ஆண்டுதோறும் பல மாதங்கள் ஐரோப்பாவில் சுற்றினார். 1913-இல் வார்சா நகரில், புலம்பெயர்வோர் பாதுகாப்புச் சங்கத்தின் அலுவலகத்தில் ஃப்ளோரியன் ஸ்னானியெத்ஸ்கி என்னும் முப்பத்தொரு வயது மெய்யியலாளரைச் சந்தித்தார். உருசிய ஆட்சியின் கீழ்ப் பல்கலைக்கழகப் பதவி கிடைக்காத அவர், கப்பலேறப் புறப்படும் உழவர்களுக்கு வழிகாட்டும் அலுவலைச் செய்துவந்தார். எந்தக் கிராமத்திலிருந்து யார் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்ததைப் போல வேறெவருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு போர் மூண்டதும் ஸ்னானியெத்ஸ்கி சிகாகோவுக்கு வந்து சேர்ந்தார். இருவரும் இணைந்து எழுதிய 'ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போலந்து உழவர்' என்னும் நூல், 1918 முதல் 1920 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. மொத்தம் 2,200 பக்கங்களுக்கு மேல்.

அந்நூலின் உயிர் அதன் கோட்பாட்டில் இல்லை, கடிதங்களில் இருக்கிறது. சிகாகோவில் வெளிவந்த போலந்து மொழி இதழொன்றில் தாமஸ் விளம்பரம் செய்தார்: ஊரிலிருந்து வந்த கடிதங்களைக் கொடுப்போருக்கு, கடிதம் ஒன்றுக்குப் 10 முதல் 20 சென்ட் வரை தரப்படும். மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவ்வாறு சேர்ந்தவற்றுள் 700-க்கும் மேற்பட்ட கடிதங்களை, ஐம்பது குடும்பங்களின் தொகுப்பாக அவர்கள் அச்சிட்டனர். தாயின் கண்ணீரும் தம்பியின் பொறாமையும் பத்து சென்ட் விலைக்குப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் சற்று நெருடுகிறது. விற்றவருக்கு அன்றைய இரவு உணவுக்கு அது வேண்டியிருந்திருக்கலாம். வாங்கியவர் அதை மதிப்புடன் வைத்துப் போற்றினார் என்பதும் உண்மை. ஆயினும் எழுதியவர்களை எவரும் கேட்கவில்லை.

அக்கடிதங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு வடிவம் உண்டென்று ஆசிரியர்கள் கண்டனர். அதற்கு 'வணக்க மடல்' என்று பெயரிட்டனர். கடிதம் இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ் கூறித் தொடங்கும். படிப்பவர் 'என்றென்றும், ஆமென்' என்று மறுமொழி சொல்வார் என்ற எதிர்பார்ப்போடு எழுதப்படும் புகழுரை அது. கதவைத் தட்டி வீட்டுக்குள் நுழையும் விருந்தினர் சொல்லும் அதே வாழ்த்து. அடுத்து, எழுதுபவர் இறையருளால் நலமாயிருப்பதாகச் சொல்வார். வீட்டார் நலமாயிருக்க வேண்டுவார். பின்னர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வணங்குவார். செய்தி கேட்பதோ கொடுப்பதோ இதற்குப் பிந்தியதுதான். கடல் கடந்து சென்ற மகன் இன்னும் குடும்பத்தின் உறுப்பினன்தான், பிரிவு அந்த உறவை அறுக்கவில்லை என்பதை நிலைநாட்டுவதே அம்மடலின் முதல் வேலை என்று அவர்கள் விளக்கினர். திருமணம், இறப்பு போன்ற நிகழ்வுகளுக்கு எழுதப்படும் மடலாயினும், பணம் கேட்டு எழுதப்படும் மடலாயினும், அவையெல்லாம் இந்த வணக்க மடலின் கிளைகளே என்றனர்.

இதைப் படித்தபோது என் கடற்கரைப் பங்கின் தாய்மார் என் கண்முன் நின்றார்கள். நான் தாண்டிச் சென்ற அந்தப் பாதிப் பக்கம்தான் கடிதமே. மகன் பெயர் சொல்லிக் கேட்ட ஒவ்வொருவருக்கும் அதைப் போய்ச் சொல்லவேண்டிய கடமை அவர்களுக்கு இருந்தது. யாரையாவது கேட்காமல் விட்டிருந்தால் அதுவும் ஒரு செய்தி.

ஐம்பது குடும்பக் கடிதங்களையும் வரிசையாகப் படிக்கும்போது, ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வணக்கம் சுருங்கிவருவதைக் காணலாம். முதலில் அனைவருக்கும், பின்னர் சிலருக்கு, கடைசியில் மனைவிக்கு மட்டும். நடுவே பணத்தைப் பற்றிய கேள்விகள் நுழைகின்றன. அனுப்பிய தொகை வந்ததா, தம்பி ஏன் கணக்குச் சொல்லவில்லை, தங்கைக்கு வரதட்சிணையாக நான் ஏன் தரவேண்டும் என்பன போன்றவை. 'நாம்' என்று எழுதியவன் 'நான்' என்று எழுதத் தொடங்குகிறான். இதை ஆசிரியர்கள் ஒழுக்கக் கேடு என்று தூற்றவில்லை. பழைய கட்டமைப்பு தளர்வதும், வேறொன்று அதன் இடத்தில் எழுவதும் எல்லாச் சமூகத்திலும் நிகழ்வது என்றனர்.

அமெரிக்காவில் அவ்வாறு எழுந்தவற்றுள் தலையாயது எது? பங்குதான் என்று அவர்கள் எழுதினார்கள். சிகாகோவின் புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்த்கா பங்கு 1867-இல் தொடங்கப்பெற்றது. நூற்றாண்டின் இறுதியில் அங்கு ஏறத்தாழ 40,000 இறைமக்கள் இருந்தனர். ஞாயிறுதோறும் மேல்கோயிலில் ஆறு, கீழ்க்கோயிலில் ஆறு எனப் பன்னிரண்டு திருப்பலிகள். பள்ளி, அரங்கம், நோயாளிக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் உதவும் சங்கங்கள் என அனைத்தும் கோயிலைச் சுற்றி அமைந்தன. புலம்பெயர்ந்த உழவருக்குப் பங்கு என்பது வழிபாட்டு மன்றம் மட்டுமன்று. தான் இழந்த கிராமத்தை அவர் மீண்டும் கட்டிய இடம் அது என்று ஆசிரியர்கள் விளக்கினர். தாமஸ் கத்தோலிக்கர் அல்லர். புரோட்டஸ்டண்டு போதகர் ஒருவரின் மகன். திருச்சபையைப் பாராட்டவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. ஆகவே அவர் தரும் சான்று எடையுள்ளது. அவர் நம்மைக் குறை கூறவில்லை என்பதன்று. கோயிலின் சொத்து எவர் பெயரில் இருக்கவேண்டும், கணக்கை எவர் பார்க்கவேண்டும் என்று குருக்களோடும் ஆயர்களோடும் எழுந்த பூசல்கள் முற்றி, 1897-இல் ஸ்கிராண்டன் நகரில் போலந்து மக்களுள் ஒரு பகுதியினர் தனிச்சபையே கண்டனர். கோயிலைத் தம் கையால் கட்டியவர்களுக்குக் கணக்குக் காட்ட மறுத்ததால் விளைந்த பிளவு அது. குருவாகிய எனக்கு அதை எழுதுவது எளிதாக இல்லை.

நூலின் ஐந்தாம் தொகுதி நீதிமன்றங்களுக்குள் செல்கிறது. கணவன் மனைவி வழக்குகள், கொலைகள், சிறுவர் குற்றங்கள் ஆகியவற்றின் ஆவணங்களை ஆசிரியர்கள் படித்தனர். போலந்துக் கிராமத்தில் கணவன் மனைவி சண்டையை இரு குடும்பத்தாரும் கூடித் தீர்ப்பார்கள். சிகாகோவில் மனைவி நீதிமன்றம் செல்கிறாள். நீதிபதி இருவரையும் ஒப்பந்தம் முறித்த இரு தரப்பினராகப் பார்த்துத் தீர்ப்பளிக்கிறார். கணவன் அவமானத்தோடு வீடு திரும்புகிறான், அல்லது திரும்பாமலே போகிறான். சட்டம் நல்லெண்ணத்தோடு தலையிட்டு, எஞ்சியிருந்த உறவையும் அறுத்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். இதில் நான் அவர்களோடு முற்றிலும் உடன்படவில்லை. உறவினர் கூடிப் பேசும் பஞ்சாயத்துகள் பலவற்றில் நான் அமர்ந்திருக்கிறேன். அடிபட்ட பெண்ணைப் பொறுத்துப்போகச் சொல்வதில்தான் அவற்றுள் பெரும்பாலானவை முடிந்தன. சிகாகோவில் நீதிமன்றப் படியேறிய அந்தப் பெண்களுக்கு, உறவினர் இல்லாத ஊரில் வேறு எந்தக் கதவு திறந்திருந்தது?

சிறுவர்களைப் பற்றி அவர்கள் எழுதியது இன்னும் கூர்மையானது. போலந்து உழவரின் கண்ணில் பண்ணையாரின் காட்டிலிருந்து விறகு எடுப்பது திருட்டன்று. மனித உழைப்பால் விளையாத மரம் இறைவன் கொடுத்தது. அதில் எல்லோருக்கும் பங்குண்டு. இத்தகைய எண்ணத்தில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் சிகாகோவின் தண்டவாளங்களில் நிலக்கரி பொறுக்கினார்கள். நின்ற சரக்கு வண்டிகளில் ஏறினார்கள். அங்கே அதற்குப் பெயர் திருட்டு, பிடிபட்டால் நீதிமன்றம். சிகாகோ அடங்கிய குக் மாவட்டத்தில்தான், 1899 ஜூலையில், உலகின் முதல் சிறுவர் நீதிமன்றம் திறக்கப்பட்டது. அதற்குமுன் பத்து வயதுப் பையனும் பெரியவர்களோடு ஒரே சிறையில் கிடந்தான். அந்நிலையை மாற்றப் பாடுபட்டவர்களுள் ஹல் ஹவுசின் பெண்கள் முன்னணியில் நின்றனர். பெருமைக்குரிய சாதனைதான். ஆனால் அந்நீதிமன்றத்தின் முன் நின்ற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள். நீதிபதி கேட்ட கேள்வியின் மொழி தந்தைக்குப் புரியவில்லை, மகனுக்குப் புரிந்தது. மகன் மொழிபெயர்த்துச் சொல்ல, தந்தை தலைகுனிந்து நின்ற காட்சியை நாமே கற்பனை செய்துகொள்ளலாம்.

இந்நிலையில், நூலின் முதலிரு தொகுதிகள் வெளிவந்த 1918-ஆம் ஆண்டிலேயே தாமஸ் வீழ்ந்தார். போர்முனைக்குச் சென்றிருந்த படை அதிகாரி ஒருவரின் மனைவியோடு விடுதியில் தங்கியிருந்ததாக அவர் கைதுசெய்யப்பட்டார். நாளிதழ்கள் அதைக் கொட்டை எழுத்தில் வெளியிட்டன. வழக்கு நீதிமன்றத்தில் நிற்கவில்லை, தள்ளுபடியாயிற்று. ஆனால் பல்கலைக்கழகம் அதற்காகக் காத்திருக்கவில்லை. கால் நூற்றாண்டுக் காலத் தொடர்பை அறுத்து அவரை வெளியேற்றியது. பல்கலைக்கழக அச்சகம் அடுத்த தொகுதிகளை வெளியிட மறுத்தது. எஞ்சியவை பாஸ்டன் நகரில் வேறொரு பதிப்பாளரிடம் அச்சாயின. புலம்பெயர்ந்தோரைப் பற்றி அவர் பெரும்பகுதி எழுதிய மற்றொரு நூல், 1921-இல் ராபர்ட் பார்க், ஹெர்பர்ட் மில்லர் என்னும் வேறிருவரின் பெயரில் வெளியிடப்பட்டது. தாமஸின் பெயரைத் தாங்கினால் நூலுக்கு இழுக்கு என்று கருதினார்கள். 1951-இல்தான் அவர் பெயர் அதன் அட்டையில் இடம்பெற்றது. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து.

அவர் செய்ததை நான் சரியென்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மனிதனின் ஒரு செயலை அவன் முழு வாழ்விலிருந்து பிய்த்தெடுத்துத் தீர்ப்பிடாதீர்கள் என்று ஐந்து தொகுதிகளில் வாதாடியவருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அவரோடு உழைத்த ஸ்னானியெத்ஸ்கி 1920-இல் புதிதாக விடுதலை பெற்ற போலந்துக்குத் திரும்பி, பொஸ்னான் நகரில் சமூகவியல் ஆய்வைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தம் வாழ்க்கையைத் தாமே எழுதட்டும் என்று பரிசுப் போட்டி வைத்தார். அவ்வழியில் அவர் மாணவர் யோசெஃப் ஹலசின்ஸ்கி, கிராமத்து இளைஞர்களைத் தம் வரலாற்றை எழுத அழைத்தார்; 1,500-க்கும் மேற்பட்டோர் எழுதி அனுப்பினர். அவற்றைக் கொண்டு 1938-இல் நான்கு தொகுதிகளாக ஒரு பெருநூல் வந்தது. பிறர் மடலை விலைக்கு வாங்கிய ஆய்வு, எழுதுபவரிடமே தாளைக் கொடுக்கக் கற்றுக்கொண்டது என்பேன். 1939-இல் ஸ்னானியெத்ஸ்கி சொற்பொழிவாற்ற நியூயார்க் வந்திருந்தார்; அவ்வாண்டே அடுத்த போர் மூண்டது. அவரால் தாய்நாடு திரும்ப முடியவில்லை. புலம்பெயர்ந்தோரை ஆராய்ந்தவர் புலம்பெயர்ந்தவராகவே 1958-இல் இல்லினாய் மாநிலத்தில் இறந்தார்.

இவ்வளவு ஆய்வும் ஆட்சியாளரின் செவியில் ஏறியதா? ஏறவில்லை. அமெரிக்கப் பேரவை அமைத்த டில்லிங்ஹாம் ஆணையம் 1911-இல் 41 தொகுதிகளாக அறிக்கை தந்தது. தென், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருவோர் முன்னையோரைப் போல் ஒன்றிணைய மாட்டார்கள் என்பதே அதன் சாரம். அதே ஆணையத்துக்காக, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃப்ரான்ஸ் போவாஸ் ஏறத்தாழ 18,000 பேரின் தலைகளை அளந்து, இனத்தின் மாறா அடையாளமென்று கருதப்பட்ட மண்டையோட்டு வடிவமே அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளிடம் மாறுபடுகிறது என்று காட்டினார். அச்சிட்டு ஒதுக்கி வைத்துவிட்டார்கள். 1924-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எத்தனை பேர் வரலாம் என்பதை, 1890-இல் அமெரிக்காவில் வாழ்ந்த அந்நாட்டாரின் தொகையில் நூற்றுக்கு இரண்டு என வரையறுத்தது. 1890-ஐத் தேர்ந்தது தற்செயலன்று. போலந்து, இத்தாலி மக்கள் பெருந்திரளாக வந்தது அதற்குப் பிறகுதான். நம் நாட்டார்க்கு நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. 1917-ஆம் ஆண்டுச் சட்டமே இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளுக்குக் கதவை அடைத்திருந்தது. நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறை 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது. இன்று அமெரிக்காவில் மகனோ மகளோ வாழும் தமிழ்க் குடும்பங்கள், அந்த 1965-ஐ நன்றியோடு நினைக்கலாம்.

ஆனால் சிகாகோவில் ஆய்வு நிற்கவில்லை. கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்னும் இருவர், சிறுவர் ஆய்வு நிறுவனத்தில் அமர்ந்து, பிடிபட்டவர்களின் வீட்டு முகவரியை நகர வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தனர். 1929-இல் அவர்கள் வெளியிட்ட நூலுக்காக 50,000-க்கும் மேற்பட்ட பெயர்களை ஆராய்ந்தனர். பின்னர் 1900-இலிருந்து 1933 வரையான சிறுவர் நீதிமன்றப் பதிவுகளை மூன்று காலப் பிரிவுகளாக ஒப்பிட்டு, 1942-இல் மற்றொரு நூல் எழுதினர். ஆலைகளையும் தண்டவாளங்களையும் ஒட்டிய அதே சில பகுதிகளில்தான் மூன்று காலங்களிலும் சிறுவர் குற்றம் மிகுந்திருந்தது. ஆனால் அங்கு வாழ்ந்த மக்கள் மாறிவிட்டிருந்தனர். முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும்; பின்னர் போலந்தியரும் இத்தாலியரும்; பின்னர் தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்கள். ஓரினத்தார் அப்பகுதியை விட்டு நல்ல இடத்துக்குக் குடிபெயர்ந்ததும் அவர்கள் பிள்ளைகளின் குற்றம் குறைந்தது. புதிதாக வந்தவர் பிள்ளைகளிடம் கூடியது. குற்றம் இரத்தத்தில் இல்லை, இருப்பிடத்தில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் காட்டியதில்லை. டில்லிங்ஹாமின் 41 தொகுதிகளுக்கும் ஒரு வரைபடம் மறுமொழி சொல்லிவிட்டது.

ஷா 1930-இல் ஒரு போலந்துச் சிறுவனின் வரலாற்றை அவன் சொற்களிலேயே வெளியிட்டார். நூலில் அவன் பெயர் ஸ்டான்லி. தாயை இழந்தவன், மாற்றாந்தாய் அவனைச் சரக்கு வண்டியில் திருட அனுப்பினாள். வீட்டைவிட்டு ஓடினான், சீர்திருத்தப் பள்ளி, சிறை, மீண்டும் தெரு என அலைந்தான். ஷா அவனைச் சந்தித்தபோது அவனுக்கு வயது பதினாறு. அவனை ஆராய்ந்ததோடு விடாமல், தங்க நல்ல குடும்பமொன்றையும் வேலையையும் தேடிக்கொடுத்தார். அவன் முதுமை வரை வாழ்ந்தான். எழுபது வயதில் தன் கதையின் பிற்பகுதியையும் சொன்னான்.

ஷா பின்னர் 1930களில் தென் சிகாகோவின் எஃகு ஆலைப் பகுதியில், போலந்து மக்களின் புனித மிக்கேல் பங்கோடு இணைந்து இளைஞர் பணியைத் தொடங்கினார். வெளியிலிருந்து வல்லுநர்கள் வந்து திருத்துவதைவிட, அத்தெருவில் வாழ்பவர்களே தம் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்கட்டும் என்பது அவர் கொள்கை. அவரிடம் பணியாற்றிய சால் அலின்ஸ்கி என்னும் யூத இளைஞர், மாட்டிறைச்சிக் கூடங்களின் பின்புறப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கே போலந்தியர், லித்துவேனியர், ஸ்லோவாக்கியர், ஐரிஷ்காரர் எனப் பலரும் கத்தோலிக்கரே; ஆயினும் ஒரு பங்கினர் மற்றொரு பங்கினரோடு பேசமாட்டார்கள். சில தெருக்களுக்குள் நான்கைந்து கோயில்கள், ஒவ்வொரு மொழிக்கும் ஒன்று! அலின்ஸ்கியும், பூங்கா விளையாட்டு மைய இயக்குநராயிருந்த ஜோசப் மீகனும் அவர்களை ஒன்று கூட்டி, 1939 ஜூலையில் அப்பகுதி மன்றத்தைத் தொடங்கினர். கத்தோலிக்க இளைஞர் அமைப்பைத் தோற்றுவித்த துணை ஆயர் பெர்னார்டு ஷீல் அவர்களுக்குத் துணை நின்றார். இரண்டு நாள் கழித்து, இறைச்சிக்கூடத் தொழிலாளரின் பொதுக்கூட்டத்தில், தொழிற்சங்கத் தலைவர் ஜான் லூயிசோடு ஆயர் ஒரே மேடையில் தோன்றினார். அந்த மேடையில் ஆயர் ஏறியது எளிய செயலன்று. நகரத்தின் செல்வர் பலர் அதை விரும்பவில்லை. தொழிலாளருக்கு வெற்றி கிட்டியது. பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைத்தது; குழந்தை நல மருத்துவ நிலையம் வந்தது.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இக்கட்டுரை நன்றாக முடிந்திருக்கும். ஆனால் வரலாறு அங்கு நிற்கவில்லை. 1950களில் கறுப்பினக் குடும்பங்கள் அப்பகுதியின் எல்லையை நெருங்கியபோது, அதே மன்றம் வீடுகளைச் செப்பனிடக் கடன் ஏற்பாடு செய்தது; வெள்ளையர் வெளியேறாமலும் கறுப்பினத்தார் உள்ளே வராமலும் பார்த்துக்கொண்டது. ஒரு காலத்தில் எவர் பெற்றோரைப் பற்றி 'இவர்கள் ஒன்றிணைய மாட்டார்கள்' என்று 41 தொகுதிகள் எழுதப்பட்டனவோ, அவர்களின் பிள்ளைகளே கதவருகில் நின்றார்கள். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர்கள். அலின்ஸ்கி இதற்காக மனம் வருந்தினார். தாம் அமைத்ததற்கு எதிராக மக்களைத் திரட்டத் தாமே அங்கு மீண்டும் போகவேண்டியிருக்கும் என்னும் பொருள்படப் பிற்காலத்தில் பேசினார். அவர் 1972-இல் இறந்தார்.

மாட்டிறைச்சிக் கூடங்கள் அதற்கு முந்திய ஆண்டே மூடப்பட்டன. போலந்தியரின் பேரப்பிள்ளைகள் புறநகர்களுக்குச் சென்றுவிட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளில் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறின. அங்கிருந்து சில மைல் வடக்கே, புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்த்கா கோயில் இன்னும் நிற்கிறது. 1950களில் அதை இடித்துவிட்டு நெடுஞ்சாலை போடத் திட்டமிட்டார்கள். போலந்து மக்கள் எதிர்த்து நின்றதால், சாலை கோயிலின் சுவரை ஒட்டி வளைந்து செல்கிறது. ஒரு காலத்தில் போலந்து மொழி மட்டுமே ஒலித்த அப்பீடத்தில் பின்னர் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் திருப்பலி நிறைவேற்றத் தொடங்கினர். கீழ்க்கோயிலில் அமர்ந்து ஊருக்கு மடல் எழுதியவர்களின் பெயர்கள் பங்கின் திருமுழுக்குப் பதிவேடுகளில் இருக்கின்றன. அவற்றுக்குப் பின் வந்த பக்கங்களில் மெக்சிகோவின் பெயர்கள் தொடர்கின்றன.